2015: சிரிப்பு மனுவான ஆண்டு

இந்திய இணையக் கொள்கையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூன்று வகைச் சான்றுகளை நாடுகின்றனர்: சட்ட வரைவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள், நிறுவனங்களின் அறிக்கைகள். இவற்றுக்கு அடியில் நான்காவது அடுக்கொன்று கிடக்கிறது. ஒரு செய்தி வெளியான சில மணி நேரத்துக்குள் அதைப் படித்தவர்கள் எழுதிய ஒற்றை வரிப் பகடிகள், வெட்டி ஒட்டிய படங்கள், சொல் விளையாட்டுகள் ஆகியவை அவ்வடுக்கைச் சேர்ந்தவை. ஆய்வேடுகளில் இவை அனைத்தும் 'பொதுமக்களிடையே எதிர்ப்பு எழுந்தது' என்னும் ஒரே தொடருக்குள் அடைபட்டுவிடுகின்றன. அந்த எதிர்ப்பு ஏன் சிரிப்பின் வடிவில் எழுந்தது, எவ்விடத்தில் பயன் விளைத்தது, எவ்விடத்தில் எழவே இல்லை என்னும் கேள்விகளை நாம் கேட்பதில்லை.

இக்கேள்விகளுக்கு 2015ஆம் ஆண்டு பொருத்தமான களம். அறிவியல் மாநாட்டு மேடை முதல் மறையாக்கக் கொள்கை வரைவு வரை, அறிவியலும் தொழில்நுட்பமும் இணையச் சட்டமும் சார்ந்த செய்திகள் அவ்வாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றுள் பலவற்றை வாசகர்கள் சிரித்தே எதிர்கொண்டனர். சில இடங்களில் அரசு பின்வாங்கியது; சில இடங்களில் எதுவும் நடக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்கு நகைச்சுவையின் தரம் காரணமன்று. சிரிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு, அச்சிரிப்பைக் கேட்க அமர்ந்திருக்கும் ஒரு செவி, சிரிப்பைக் கொண்டுசேர்க்கும் இணைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் பகடி கொள்கையை அசைத்தது. இப்பதிவின் வாதம் இவ்வளவே; அதற்கான சான்றுகளைக் கால வரிசையில் முன்வைக்கிறேன்.

அவ்வாண்டு ஜனவரி 4ஆம் நாள், மும்பைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற 102ஆவது இந்திய அறிவியல் மாநாட்டில், பண்டைய இந்திய விமானவியல் பற்றி ஓர் உரை நிகழ்த்தப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கோள் விட்டுக் கோள் செல்லும் விமானங்கள் இங்கிருந்தன என்பது அவ்வுரையின் சாரம். செய்தி வெளியானதும் சமூக ஊடகங்களில் பகடி பெருகியது. ஆனால், இதே பொருளைப் பற்றிய முறையான ஆய்வு 41 ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐவர், 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலை ஆராய்ந்து 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க இயலாது என்றும், அதில் விவரிக்கப்பட்ட ஊர்திகள் பறக்கும் தகுதியற்றவை என்றும் மொழிச் சான்றுகளையும் பொறியியல் கணக்குகளையும் கொண்டு அவர்கள் நிறுவினர். 2015இல் பகடி எழுதியவர்கள் பலரும் பகிர்ந்துகொண்டது இக்கட்டுரையைத்தான். விரைவான சிரிப்புக்குப் பின்னால் பொறுமையான ஆய்வொன்று முதுகெலும்பாக நின்றது என்பதை ஆய்வு மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

எனினும் அச்சிரிப்பால் விளைந்தது என்ன? மாநாட்டின் அமைப்பு முறை மாறவில்லை. 2016 ஜனவரியில் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அம்மாநாட்டைச் 'சர்க்கஸ்' என்றே குறிப்பிட்டார். 2019 ஜனவரியில் ஜலந்தர் அருகே நடைபெற்ற 106ஆவது மாநாட்டில், கௌரவர்கள் சோதனைக் குழாய்க் குழந்தைகள் என்னும் கருத்தை ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தரே மேடையில் கூறினார். மீண்டும் பகடி, மீண்டும் கண்டன அறிக்கைகள். வாசகரின் எதிர்வினையைப் பெற்று விடையளிக்க வேண்டிய கடமை அம்மாநாட்டுக்கு இல்லை. கேட்கும் செவி இல்லாத இடத்தில் சிரிப்பு தன்னைத்தானே மகிழ்வித்துவிட்டுக் கலைந்து போகிறது.

அதே ஜனவரியின் 26ஆம் நாள், கேலிச்சித்திரக்காரர் ஆர். கே. லக்ஷ்மண் புனேயில் மறைந்தார். 1951 முதல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில் அவர் வரைந்த 'சாமானிய மனிதர்' எல்லாவற்றையும் பார்ப்பார், எதுவும் பேசமாட்டார். வேட்டியும் கட்டம் போட்ட கோட்டும் அணிந்த அந்த மௌன சாட்சியின் இடத்திலிருந்துதான் செய்தித்தாள் வாசகர் அரை நூற்றாண்டுக்கு மேலாக நாட்டு நடப்பைக் கண்டார். வாசகருக்காக ஓவியர் சிரித்தார். இணையம் வந்தபின் சாமானிய மனிதருக்கு வாய் கிடைத்தது. அவ்வாயைக் கண்டு அதிகாரம் அஞ்சியதன் ஆவணம்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு.

2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்பிரிவு இல்லை. 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நிகழ்ந்த அடுத்த மாதம், நாடாளுமன்றம் போதிய விவாதமின்றி நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின் வழி அது நுழைந்தது. 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. கணினி வழியாக மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்புவதும், பொய்யெனத் தெரிந்தே எரிச்சலோ இடையூறோ விளைவிக்கும் செய்தியைத் தொடர்ந்து அனுப்புவதும் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றங்களாயின. இந்தச் சொல்லாட்சியின் வேர் இணையத்தில் இல்லை. தொலைபேசியில் ஆபாசமாகவோ மிரட்டும் வகையிலோ பேசுவதைத் தடுக்க பிரித்தானியா 1935இல் இயற்றிய அஞ்சல் துறைத் திருத்தச் சட்டத்திலிருந்து இது வழிவழியாக வந்தது என்பதை உச்ச நீதிமன்றமே பின்னர் எடுத்துக்காட்டியது. ஒருவர் இன்னொருவரை அழைத்துத் தொல்லை தருவதற்கென வகுத்த அளவுகோல், ஒருவர் ஊரறியச் சிரிப்பதற்கும் பொருத்தப்பட்டது.

பொருத்தப்பட்ட விதத்தை 2012ஆம் ஆண்டு காட்டியது. ஏப்ரலில் கொல்கத்தாவில், மாநில முதலமைச்சரைப் பற்றிய ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் பகிர்ந்தமைக்காக வேதியியல் பேராசிரியர் ஒருவர் கைதானார். சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' திரைப்படத்தைத் தழுவிய அப்படத்தைப் புரிந்துகொள்ள வங்காளப் பண்பாட்டு அறிமுகம் வேண்டும். அந்நகைச்சுவையைக் குற்றமெனப் பதிய அது தேவைப்படவில்லை. அவ்வழக்கிலிருந்து அவர் முழுமையாக விடுபட 2023 ஆயிற்று. அக்டோபரில் புதுச்சேரியில், அரசியல் குடும்பத்தினர் ஒருவரைப் பற்றிய ட்விட்டர் பதிவுக்காகச் சிறுதொழில் நடத்தும் ஒருவர் கைதானார். நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு தலைவரின் மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்விக்குள்ளாக்கிய இளம்பெண்ணும், அப்பதிவுக்கு 'லைக்' இட்ட அவருடைய தோழியும் கைதாயினர். பதிவை விரும்புவதும் குற்றமென்றால் சிரிப்பொலியும் குற்றமே.

2015 மார்ச் 24 அன்று, நீதிபதிகள் செலமேஸ்வர், ரோஹிண்டன் நாரிமன் ஆகியோர் அடங்கிய அமர்வு 66ஏ பிரிவை முற்றாக நீக்கியது. நாரிமன் எழுதிய 'ஷ்ரேயா சிங்கால்' தீர்ப்பை மாணவர்கள் முழுமையாகப் படிக்க வேண்டும். விவாதித்தல், பரிந்துரைத்தல், தூண்டுதல் என மூன்றைப் பிரித்து, மூன்றாவது மட்டுமே தடைக்குரியது என வகுத்ததற்காக அது கொண்டாடப்படுகிறது. நம் பொருளுக்கு அதனினும் சுவையான ஒரு பகுதி அதில் உண்டு. 2010இல் இங்கிலாந்தில் பனியால் மூடப்பட்ட ஒரு விமான நிலையத்தை வெடிவைத்துத் தகர்க்கப் போவதாக இளைஞர் ஒருவர் ட்விட்டரில் விளையாட்டாக எழுதினார். கீழமை நீதிமன்றங்கள் அவரைக் குற்றவாளி என்றன. 2012இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இதற்கு நேர்மாறாக இன்னொரு பிரித்தானிய வழக்கில், கீழே விடுவிக்கப்பட்டவரைப் பிரபுக்கள் அவை குற்றவாளி என்றது. பயிற்சி பெற்ற நீதிபதிகளே ஒரே செய்தியை இருவேறாகப் படிக்கிறார்கள் எனில், குடிமகன் எந்த எல்லைக்குள் நின்று எழுதுவான்? எங்கோ பனியில் சிக்கியவர் சொன்ன ஒரு நகைச்சுவை, இந்தியக் குடிமக்களின் பேச்சுரிமைத் தீர்ப்பில் சான்றாக நின்றது. நகைச்சுவையின் பொருள் கேட்பவரின் மனத்தில் முழுமை பெறுகிறது என்பது இலக்கிய மாணவர் அறிந்ததே. அதே உண்மையை ஒரு நீதிமன்றம் சட்டத்தின் தெளிவின்மைக்குச் சான்றாகக் கொண்டது.

முதல் நிபந்தனையான சட்டப் பாதுகாப்பு இவ்வாறு கிடைத்தது. தீர்ப்பால் மட்டும் நிலைமை சீரடையவில்லை என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும். இல்லாத அப்பிரிவின்கீழ் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்தன. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, எவர்மீதும் இதன்கீழ் வழக்கு நடத்தலாகாது என ஆணையிட வேண்டியிருந்தது.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், மார்ச் 27 அன்று, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் ஓர் ஆலோசனைத் தாளை வெளியிட்டது. வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, அவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்பன அதன் பொருள். 118 பக்கங்கள், 20 கேள்விகள், கடினமான ஆங்கிலம். கருத்துக் கூற ஏப்ரல் 24 வரை அவகாசம். எந்தத் தளத்துக்கும் முன்னுரிமையோ தடையோ இன்றி எல்லாத் தரவும் ஒரே வகையில் கடத்தப்பட வேண்டும் என்னும் இணையச் சமநிலைக் கோட்பாடு, அதுவரை இந்தியாவில் வல்லுநர் சிலரின் அக்கறையாக மட்டும் இருந்தது.

ஏப்ரல் 11 அன்று ஏஐபி என்னும் நகைச்சுவைக் குழு இப்பொருளைப் பற்றி ஒரு காணொளி வெளியிட்டது. இதே குழுவின்மீது பிப்ரவரியில் மும்பையில், வேறொரு நகைச்சுவை நிகழ்ச்சிக்காக வழக்குப் பதிவாகியிருந்தது. தன் சிரிப்புக்காக வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்தவர்களே கொள்கை விளக்குநராயினர். இதற்கு முன்னோடியும் உண்டு: 2014 ஜூனில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் இதே பொருளைப் பகடியாக்கி, அந்நாட்டு ஆணையத்துக்குக் கருத்து அனுப்பும்படி மக்களைத் தூண்டினார். இந்தியக் காணொளி, இந்தியும் ஆங்கிலமும் கலந்த நகர்ப்புற மொழியில், 118 பக்கங்களைச் சில நிமிடங்களுக்குள் அடக்கியது. தன்னார்வலர்கள் 20 கேள்விகளுக்கும் விடைகளைத் தயாரித்து ஓர் இணையதளத்தில் வைத்தனர். படித்தவர் விரும்பினால் திருத்தி, இல்லையேல் அப்படியே, டிராய்க்கு மின்னஞ்சலாக அனுப்பலாம். கடைசி நாளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. இடையில், ஏப்ரல் 14 அன்று, ஃப்ளிப்கார்ட் நிறுவனம் ஏர்டெல் ஜீரோ என்னும் சலுகைத் திட்டத்துக்கான பேச்சிலிருந்து விலகியது.

சிரிப்பு மனுவாக மாறிய தருணம் இதுவே. இங்கே பகடி தனித்து நிற்கவில்லை. அதன் மறுமுனையில் ஒரு முகவரியும் கடைசித் தேதியும் இருந்தன. 1997ஆம் ஆண்டு டிராய் சட்டம் ஆணையத்தின் செயல்பாட்டில் வெளிப்படைத்தன்மையைக் கட்டாயமாக்குகிறது. கருத்துக் கேட்டபின் அதைப் புறந்தள்ளினால் காரணம் கூற வேண்டியிருக்கும். அறிவியல் மாநாட்டைக் கண்டு எழுந்த சிரிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தச் செவிதான்.

அச்செவி எப்போதும் நுட்பமாகச் செயல்பட்டது என்று கூற இயலாது. ஏப்ரல் 27 அன்று, வெளிப்படைத்தன்மையின் பெயரால், தனக்கு வந்த லட்சக்கணக்கான மின்னஞ்சல்களை அனுப்பியவர்களின் முகவரிகளுடன் டிராய் தன் தளத்தில் ஏற்றியது. அன்றே அத்தளம் முடங்கவும் செய்தது. இணையத்தை ஒழுங்குபடுத்த முனைந்த அமைப்புக்கு மின்னஞ்சல் முகவரியை மறைக்கத் தெரியவில்லை என்பதே அடுத்த சில நாட்களின் பகடியாயிற்று. வரலாற்றாய்வாளருக்கு இதில் ஓர் இக்கட்டு உண்டு. இந்தியக் குடிமக்கள் இணையக் கொள்கை பற்றித் தம் சொற்களில் எழுதிய மாபெரும் தொகுப்பு அது. அதுவே அவர்களின் அந்தரங்கத்தை மீறி உருவான தொகுப்பும் ஆகும்.

செப்டம்பரில் இரு நிகழ்வுகள். முதலாவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை ஒரு தேசிய மறையாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டு, அக்டோபர் 16 வரை கருத்துக் கேட்டது. மறையாக்கம் செய்து அனுப்பும் செய்திகளின் மூல வடிவத்தைக் குடிமக்கள் 90 நாட்கள் சேமித்துவைத்து, அதிகாரிகள் கேட்கும்போது காட்ட வேண்டும் என்றது வரைவு. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படமும் இவ்விதிக்குள் அடங்கும். இதைக் கேலி செய்யத் தனித்திறன் தேவைப்படவில்லை. வரைவை உரக்கப் படித்தாலே போதுமானதாக இருந்தது. அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு எனத் தொல்காப்பியம் இரண்டாகப் பகுக்கிறது. வெளிப்படையாகச் சாடுவது முன்னது. பழியை மறைத்துச் சொல்வது பின்னது. விதியை முழுப் பணிவுடன் ஏற்றுக்கொண்டு, 'இச்செய்தியை எத்தனை நாள் காக்க வேண்டும் ஐயா' என்று வினவும் வகைப் பகடி பழிகரப்பின் புதுவடிவம். அதில் குற்றம் சாட்டும் சொல் எதுவும் இல்லை. ஆகவே மறுக்கவும் வழியில்லை. செப்டம்பர் 21 அன்று சமூக ஊடகங்களுக்கு விலக்களித்துத் துறை ஓர் இணைப்பை வெளியிட்டது. 22 அன்று வரைவே திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாவது நிகழ்வை நாம் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 25 அன்று அகமதாபாத்தில் நடைபெற்ற பட்டிதார் பேரணியைத் தொடர்ந்து வன்முறை மூண்டது. குஜராத்தில் கைப்பேசி இணையம் நிறுத்தப்பட்டது. இதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவு, அதாவது கூட்டம் கூடுவதைத் தடுக்கும் பழைய பிரிவு, பயன்படுத்தப்பட்டது. சட்ட மாணவர் ஒருவர் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். மறையாக்க வரைவைப் பார்த்து நாடு சிரித்த அதே செப்டம்பரில், குஜராத் உயர் நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளி, அரசின் அதிகாரத்தை ஏற்றது. இதற்குக் கருத்துக் கேட்பு இல்லை, வரைவு இல்லை, கடைசித் தேதி இல்லை. பகடி எழுத வேண்டியவரின் கைப்பேசியில் இணைப்பும் இல்லை. தளங்களுக்குக் கட்டணம் வேறுபடலாமா என்னும் கேள்விக்கு 10 லட்சம் மின்னஞ்சல்களைத் திரட்டிய சமூகம், ஒரு மாநிலத்தின் கைப்பேசி இணையத்தையே நிறுத்தலாமா என்னும் கேள்வியைக் கவனியாமலே கடந்தது.

டிசம்பரில் மீண்டும் டிராய். 9ஆம் நாள் வெளியான தாள், தரவுச் சேவைகளுக்கு வேறுபட்ட கட்டணம் பற்றி நான்கு கேள்விகளை மட்டும் கேட்டது. பின்னணியில் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இருந்தது: தேர்ந்தெடுத்த சில தளங்களைத் தரவுக் கட்டணமின்றித் தரும் திட்டம். ஏப்ரலில் எதிர்த்தரப்பு கையாண்ட உத்தியை இப்போது அந்நிறுவனமே கைக்கொண்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆதரவுக் கடிதம் டிராய்க்குப் போகும். நாளிதழ்களில் பக்கம் பக்கமாக விளம்பரம். மார்க் ஸக்கர்பெர்க் பெயரில் கட்டுரை. அக்கட்டுரையில் மகாராஷ்டிரத்தின் விவசாயி ஒருவர் பயனாளியாக எடுத்துக்காட்டப்பட்டார். வாசகர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை நினைவூட்டினர். வணிகம் செய்ய வந்த ஒரு நிறுவனத்தின் தயாளம் பற்றி இந்நாட்டுக்கு நீண்ட நினைவு உண்டு. லட்சக்கணக்கில் குவிந்த ஆதரவுக் கடிதங்கள் கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்கவில்லை என்று டிராய் சுட்டியது. ஆலோசனை என்பது வாக்கெண்ணிக்கை அன்று என்னும் நிலைப்பாட்டையும் எடுத்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தின் அடிப்படையில் கட்டண வேறுபாடு தடைசெய்யப்பட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் அபராதம்.

பகடி எளியோரின் கருவி மட்டுமே என்று எண்ணுவோர் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன், காலனிய எதிர்ப்பே இந்தியர்களின் பொருளாதாரத்தைப் பல பத்தாண்டுகளாகக் கெடுத்துவந்தது, இப்போது மட்டும் ஏன் நிறுத்த வேண்டும் என்னும் பொருளில் ட்விட்டரில் எழுதினார். கண்டனம் எழுந்ததும் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டார். ஸக்கர்பெர்க்கும் அக்கருத்திலிருந்து விலகி நின்றார். கம்பெனி ஆட்சி உவமையை மிகையென எண்ணியிருந்தவர்களுக்கும் அந்த ஒற்றைப் பதிவு விளக்கம் தந்துவிட்டது. மேலிருந்து கீழ்நோக்கிய எள்ளல் எள்ளியவரையே காட்டிக்கொடுத்தது.

இவ்வெற்றியையும் ஐயத்துடன் நோக்க வேண்டிய இடம் உண்டு. இந்தியர்களில் பெரும்பாலோர் அப்போது இணையத்துக்கு வெளியே இருந்தனர். அவர்களுக்கு எவ்வகை இணையம் வேண்டும் என்பதைப் பற்றி, ஏற்கெனவே இணைந்திருந்தவர்கள் இரு தரப்பாக நின்று வாதிட்டனர். விளம்பரத்திலும் விவசாயி பேசவில்லை, பகடியிலும் பேசவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகை தரவு விலையைச் சரித்தபோது, எந்தத் தளம் எனப் பிரிக்காத இணையமே பெருந்திரளைச் சென்றடைந்தது என்பதால் சமநிலைத் தரப்பு சொன்னது சரியென்றே கொள்ளலாம். ஆயினும் அம்முடிவை எடுத்தவர்கள் யார் என்னும் கேள்வி அதனால் மறைந்துவிடாது.

டிராய் ஆணை வெளியான அதே வாரத்தில், குஜராத் இணைய நிறுத்தத்துக்கு எதிரான மேல்முறையீட்டு மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கொண்டாட்டப் படங்களுக்கு நடுவே அச்செய்தி மூழ்கியது. 2017 ஆகஸ்டில் இணைய நிறுத்தத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் தொலைத்தொடர்பே துண்டிக்கப்பட்டது. இணையவழிப் பேச்சுரிமை அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உரியது என்றும், காலவரையற்ற நிறுத்தம் ஏற்கத்தக்கதன்று என்றும் 2020 ஜனவரி 10 அன்று 'அனுராதா பாசின்' வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் அங்கே இணையம் திரும்பிய விதம்தான் இக்கட்டுரையின் மையம். ஜனவரி இறுதியில் 2ஜி வேகத்தில், அரசு தேர்ந்தெடுத்த 301 தளங்கள் மட்டும் திறக்கப்பட்டன. சமூக ஊடகங்கள் அப்பட்டியலில் இல்லை. 4ஜி மீண்டும் வர 2021 பிப்ரவரி 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறர் தேர்ந்தெடுத்த சில தளங்கள் இணையமாகா என்று 2016இல் நாடு சிரித்து ஒதுக்கியது. நான்காண்டுகளுக்குப் பின், குடிமக்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைத்தது அதே வடிவம்தான்: தேர்ந்தெடுத்தது நிறுவனமன்று, அரசு என்பது மட்டுமே வேறுபாடு. இதைப் பகடியாக்க அவர்களினும் தகுதியுடையோர் இலர். பகடியை வெளியிடும் தளங்கள் பட்டியலுக்கு வெளியே இருந்தன.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று: கொள்கைச் செய்திகளுக்கு வரும் பகடிகளைத் தேதியுடனும், அவை எந்த ஆவணத்தின் எந்தப் பத்தியைக் குறிக்கின்றன என்னும் குறிப்புடனும் சேமியுங்கள், ஆவணத்தோடு இணைக்கப்படாத பகடி பத்தாண்டுகளில் புதிராகிவிடும். எழுதியவர்களின் பெயரை நீக்கிவிடுங்கள். டிராய் செய்ததை ஆய்வுலகம் செய்யலாகாது. இரண்டு: ஒவ்வொரு பகடியின் மறுமுனையிலும் யார் அமர்ந்திருந்தார் எனக் கேளுங்கள். கேட்கக் கடமைப்பட்ட அமைப்பா, காதற்ற மேடையா என்பதே அதன் பயனைத் தீர்மானித்தது.

மூன்றாவது கோரிக்கை கடினமானது. நீங்கள் தொகுக்கும் சிரிப்பின் காலவரிசைக்கு அருகிலேயே, அதே நாட்களில் நாட்டின் எந்த மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டிருந்தது என்பதையும் ஒரு நிரலாக எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால், 2015ஐ இணைய உரிமையின் வெற்றி ஆண்டு என்றே எழுதிவிடுவோம். குஜராத்தின் அந்த ஆகஸ்ட் இறுதி நாட்களிலிருந்து நம் கைக்கு வரும் பகடிகள் குறைவு. அக்குறைவை நகைச்சுவை உணர்வின் குறைபாடாகவோ இசைவின் அடையாளமாகவோ படிக்காமலிருக்கும் பொறுப்பு வரலாறு எழுதுபவருடையது.